எத்தனை பேருக்கு உலை வைப்பது

கனடாவில், ஸ்காபரோவிலிருந்து மருமகள், அதாவது அண்ணாவின் மகள், தன் கலியாணத்துக்கென்று அனுப்பிய எக்செல் தாளில் 214 பேர் இருந்தார்கள். பெயர், உறவு முறை, சைவமா மச்சமா, ஒவ்வாமை ஏதும் உண்டா என்று வரிசையாகக் கட்டங்கள். வருகிறவர்களுக்குப் பச்சை, வராதவர்களுக்குச் சிவப்பு, இன்னும் பதில் போடாதவர்களுக்கு மஞ்சள். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. கைபேசியில் அதைப் பெருப்பித்துப் பெருப்பித்துக் கடைசி வரி வரைக்கும் பார்த்துவிட்டு, "பிள்ளை, ஐந்நூற்றைம்பது பேருக்குப் போடு" என்று குரல்பதிவு அனுப்பினேன்.

ஐந்து நிமிடத்தில் அழைப்பு வந்தது. "மாமி, மற்ற 336 பேரும் ஆர்? பேரைச் சொல்லுங்கோ, நான் இப்பவே ஏத்துறன்."

எனக்கு உடனே பதில் வரவில்லை. ஆட்களைத் தெரியாமல் இல்லை. அந்த முந்நூற்றுச் சொச்சம் பேரும் பெயராக வருகிறவர்கள் இல்லை, வீடாக வருகிறவர்கள். அதை எப்படி ஒரு கட்டத்துக்குள் போடுவது?

கனடாவில் பிறந்த பிள்ளை தகப்பனின் ஊரில் தாலி கட்ட ஆசைப்பட்டது. அதற்கு டெஸ்டினேஷன் வெடிங் என்று பெயராம். இலங்கையில், வன்னிக்குள் இருக்கிற எங்கள் முள்ளியவளையை டெஸ்டினேஷன் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மாங்குளத்தில் ஏ9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பி, ஒட்டுசுட்டான், தண்ணீரூற்று என்று வந்தால் வருகிற ஊர். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கினால் வான் பிடித்து ஏழெட்டு மணித்தியாலம். மண்டபம், ஐயர், மேளம், படப்பிடிப்பு எல்லாவற்றையும் வெவ்வேறு ஆட்கள் பொறுப்பெடுக்க, சாப்பாடும் குடிப்பும் என் தலையில் விழுந்தது. அண்ணா சொன்ன காரணம், "நீ தானே அங்க நிக்கிறாய்." முப்பது வருடமாக எல்லாவற்றுக்கும் அண்ணா சொல்லுகிற காரணம் அதுதான்.

அங்கே ஏன் அப்படித் தலையை எண்ணுகிறார்கள் என்பது அவள் சொல்லித்தான் விளங்கியது. மண்டபக்காரர் ஒரு தட்டுக்கு இவ்வளவு டொலர் என்று பேசுவார். ஒரு தட்டுக் கூடினாலும் காசு, குறைந்தாலும் கட்டிய காசு போனதுதான். இங்கே கணக்கே வேறு. சமையல் அண்ணை ஒரு சாமான் துண்டு எழுதித் தருவார், சாமான் நாங்கள் வாங்கிக் கொடுப்போம், அவரும் அவருடைய ஆட்களும் வந்து சமைத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போவார்கள். தலைக்கு இவ்வளவு என்ற பேச்சே எழாது. எழுந்தால் அவர் கோபப்படுவார்.

அழைப்பும் அப்படித்தான். கார்ட்டை வட்ஸ்அப்பில் அனுப்பினால் அது தகவல், அழைப்பு இல்லை. வெற்றிலைத் தட்டத்தோடு படலையைத் திறந்து போய், கதிரையில் இருந்து, அவர்கள் தருகிற பிளேன்ரீயைக் குடித்து, "வீட்டோட வாங்கோ" என்று சொல்ல வேண்டும். அந்த 'வீட்டோட' என்பதற்குள் கலியாணம் முடித்துப்போன மகளும் மருமகனும் உண்டு, அந்தக் கிழமை வந்து நிற்கிற மச்சானும் உண்டு. வருவீர்களா என்று திருப்பிக் கேட்கிற வழக்கம் கிடையாது. கேட்டால், சாப்பாட்டுக்குக் கணக்குப் பார்க்கிறார்கள் என்று ஆகிவிடும். "வராமல் என்ன" என்று சொன்னவர்களில் சிலர் வரமாட்டார்கள், தலையை மட்டும் ஆட்டியவர்கள் ஆறு பேராக வந்து இறங்குவார்கள்.

இன்னொன்று, அந்த 214 பேர் எப்படித் தாளில் ஏறினார்கள் என்று பார்த்தேன். அண்ணாவும் அண்ணியும் ஞாபகத்திலிருந்தும் முகப்புத்தகத்திலிருந்தும் எடுத்துச் சேர்த்த பெயர்கள். அதில் அடுத்த வளவு ஆச்சி இல்லை. ஆச்சியிடம் முகப்புத்தகம் இல்லை. அண்ணா ஊரை விட்டுப் போன காலத்தில் அவர் எங்கள் அயலுக்கு வரவுமில்லை. 2009 மாசியில் இரணைப்பாலையில் தறப்பாளுக்குக் கீழே கிடந்த நேரம், தன் பேரனுக்கென்று சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த அரிசியில் ஒரு சுண்டு எடுத்து எங்கள் அம்மாவுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த மனிசி அவர். இதை நான் அண்ணாவுக்குச் சொன்னதில்லை, சொல்ல ஒரு சந்தர்ப்பம் வரவில்லை. கலியாணச் சோற்றுக் கணக்குக்குள்ளே போய் அதைச் சொல்ல வேண்டி வந்தது. அன்றைக்குப் பிறகு மருமகள் பெயர்ப் பட்டியல் கேட்கவில்லை. தாளின் கடைசியில் 'மாமியின் ஆட்கள்' என்று ஒரே வரி, நேரே 336.

நாள் குறித்த கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாளும் சாப்பாடும் வேறுவேறு இல்லை. முதலில் அவர்கள் கேட்டது மே மாதம். கனடாவில் விக்ரோரியா நாளோடு ஒரு நீண்ட வார இறுதி வருகிறது, மாப்பிள்ளையின் கூட்டாளிகளுக்கு லீவு சுலபம் என்றாள். அண்ணா மறுமுனையில் இருந்தார், பேசவில்லை. நான்தான் சொன்னேன்: மே 12இலிருந்து 18 வரைக்கும் முள்ளிவாய்க்காலில் செத்தவர்களை நினைத்து இங்கே சந்திக்குச் சந்தி கிடாரம் வைத்துக் கஞ்சி காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கொடுப்பார்கள், அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும், அந்தக் கிழமையில் பக்கத்திலே பந்தல் போட்டு வடை பாயாசம் பரிமாற எங்களால் ஏலாது. அவள் நெடுநேரம் 'சொறி, சொறி' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதோடு வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல் வருகிறது. கடல் தண்ணீரில் விளக்கெரிகிற அந்தப் பொங்கலுக்கு எங்கள் ஊர்க் காட்டு விநாயகர் கோயிலிலிருந்துதான் எல்லாம் தொடங்கும். பல வீடுகளில் அப்போது மச்சம் இல்லை. பிறகு ஆடி, கலியாணம் இல்லை. ஐப்பசி தொடங்கினால் மாரி, பந்தலுக்குள் முழங்கால் தண்ணீர். மிஞ்சியது ஆவணி.

சமையல் அண்ணை முதல் கூட்டத்துக்கு வந்தபோது நான் மருமகளை வீடியோவில் எடுத்து அவருக்குக் காட்டினேன். அவள் கேட்டது புஃபே. நீள மேசை, மூடிவைத்த பாத்திரங்கள், கீழே மெழுகுதிரி. அவர் முழுதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எத்தினை பேர்?"

"214... இல்லை, 550... மாமி?"

"பாத்தியா தங்கச்சி, உங்களுக்கே தெரியாது. தெரியாட்டிப் பந்திதான்."

அவர் சொன்னதை நான் பிறகு யோசித்து யோசித்துப் பார்த்தேன், எவ்வளவு சரியான ஆள். புஃபே என்றால் எல்லாவற்றையும் முதலே சமைத்து மேசையில் வைத்தாக வேண்டும். 300 பேருக்கு வைத்து 500 பேர் வந்தால் மானம் போகும், 600 பேருக்கு வைத்து 300 பேர் வந்தால் சோறு போகும். பந்தியில் அப்படி இல்லை. எங்கள் மண்டபத்தில் ஒரு பந்திக்கு 90 பேர் இருக்கலாம். முதல் இரண்டு பந்திக்கு 25 கிலோ அரிசி, அதாவது ஒரு கிலோவுக்கு ஏழு பேர் என்ற கணக்கு. (நகரத்தில் ஒரு கிலோவுக்குப் பத்துப் பேர் என்பார்கள். இங்கே வயல் செய்கிற ஆட்கள், அது சரிவராது.) முதல் பந்தி இருக்கும்போதே அண்ணை வாசலில் வந்து நின்று வெளியே கதிரைகளில் காத்திருக்கிற தலைகளைப் பார்ப்பார். பார்த்துவிட்டுப் போய் அடுத்த உலையை வைப்பார். அரிசி கழுவித் தயாராக இருக்கும், தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும், இருபத்தைந்து நிமிடத்தில் சோறு. பருப்பும் அப்படியே, சொதி அதைவிடச் சுலபம். கத்தரிக்காய்க் குழம்பும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் மட்டும்தான் முழுக்க முதலே ஆக வேண்டும், அவை புளியும் எண்ணெயும் உள்ள கறிகள், கிடந்தாலும் கெடச் சுணங்கும். வெண்டிக்காய்ப் பால்கறி, பூசணி, கீரை இவற்றுக்குத் தேங்காய்ப்பால் விடுவது பந்திக்குப் பந்தி. ஆவணி வெயிலில் காலையில் விட்ட பால் மதியம் புளித்துவிடும், ஒரு கிடாரம் புளித்தால் ஊர் முழுக்க வயிற்றோட்டம். ஆக, எத்தனை பேர் என்று தெரியாமலே சமைப்பதற்கு ஒரு முறை எங்களிடம் காலங்காலமாக இருந்திருக்கிறது, அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அரிசியில் ஒரு சண்டை. பெரியப்பாவின் மகன் வவுனிக்குளத்தில் சிறுபோகம் வெட்டிய கையோடு மூன்று மூட்டை புது அரிசி கொண்டுவந்து இறக்கினான், சொந்த வயல் அரிசியில் கலியாணம் நடக்கட்டும் என்று. அண்ணை ஒரு பிடி எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இது பொங்கலுக்கு நல்லம், பந்திக்கு வேண்டாம்" என்றார். புது அரிசி குழையும், உதிர்ந்து வராது, அகப்பையில் கட்டியாக ஒட்டும். பழைய புழுங்கலரிசிதான் வேண்டுமாம். தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. கடைசியில் அந்த அரிசியில் சர்க்கரைப் பொங்கல் ஒன்று போட்டு எல்லா இலையிலும் ஒரு கரண்டி வைத்தோம், அவன் மண்டபம் முழுக்க அது தன் அரிசி என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

மரக்கறியில் கத்தரி, பூசணி, வாழைக்காய், கீரை முத்தையன்கட்டுப் பக்கத்துத் தோட்டங்களில் எடுத்தோம். கரட், போஞ்சி தம்புள்ளையிலிருந்து வர வேண்டும், விலை நாளுக்கு நாள் மாறும். அதனால் அவற்றை மெனுவிலிருந்தே வெட்டச் சொன்னேன், ஒருவரும் தேடவில்லை. தயிர் ஒட்டுசுட்டான் பக்கத்துப் பட்டிக்காரரிடம் முட்டியில். தேங்காய் 150. வாழையிலை 600.

கூட்டாளிகள் பதினெட்டுப் பேர் வருகிறார்கள், அவர்களில் ஒருத்தி வீகன், ஒருவருக்குக் கோதுமை ஆகாது, ஒருவருக்குக் கச்சான், அதாவது நிலக்கடலை, பட்டால் மூச்சு அடைக்கும். வீகன் என்றால் என்ன என்று அண்ணைக்கு நான் விளக்கினேன்: இறைச்சி, மீன், முட்டை இல்லை, பால், தயிர், நெய் இல்லை, தேன்கூட இல்லை. "தேங்காய்ப்பால்?" என்றார். அது குடிக்கலாம் என்றேன். "அப்ப என்ன கரைச்சல், நெய்யையும் மோரையும் பாயாசத்தையும் விட்டால் மற்றதெல்லாம் அந்தப் பிள்ளைக்குத்தான்." கோதுமைக்காரருக்கும் எங்கள் இலையில் பயப்பட ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன், பிறகுதான் ரசத்துக்குப் போடுகிற பெருங்காயம் நினைவுக்கு வந்தது, கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மா கலந்திருக்கும். அன்றைக்கு ரசத்தில் பெருங்காயம் இல்லை. உள்ளிதான் கூட.

கச்சான்தான் உண்மையான பயம். அண்ணியின் திட்டம், வருகிறவர்களுக்குக் கையில் கொடுத்துவிட ஆளுக்கு ஒரு பொட்டலம் முறிகண்டிக் கச்சான். முறிகண்டி எங்களுக்குப் போகிற வழியில் இல்லை, மாங்குளத்திலிருந்து இன்னும் வடக்கே போக வேண்டும், ஆனால் ஏ9 வீதியில் போய்வந்த தமிழருக்கு அந்தப் பிள்ளையார் முன்னால் இறங்கித் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிக் கொறித்த ஞாபகம் இல்லாமல் இராது. எனக்கும் விட மனமில்லை. ஆனால் 500 பொட்டலத்தை ஒரே மண்டபத்தில் உடைத்தால் தோலும் தூசியும் எங்கே போகும்? விட்டோம். அதற்குப் பதில் பனங்கட்டிக் குட்டான் கொடுத்தோம். பலகாரச்சூட்டுக்கு வந்த பெண்களிடமும் வாயில் கச்சானோடு மாவில் கை வைக்க வேண்டாம் என்று கெஞ்சி வைத்தேன். பயத்தம் பணியாரம், முறுக்கு, சீனி அரியதரம், மூன்று நாள் சுட்டோம். அந்த மூன்று நாளும் சிரித்த சிரிப்பை இங்கே எழுத முடியாது.

தண்ணீர் பற்றி யாரும் யோசிப்பதில்லை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் எங்களுக்குப் பழக்கம், வந்திறங்கியவர்களுக்கு இரண்டாம் நாளே வயிறு கலக்கும். சுத்திகரித்த தண்ணீர் 20 லீற்றர்க் கானில் 40 எடுத்தோம், சமையலுக்குப் பௌசர் வண்டித் தண்ணீர். ஐஸில்தான் கவனம் வேண்டும். முல்லைத்தீவில் மீனுக்கென்று அடிக்கிற ஐஸ்கட்டி மலிவாக நிறையக் கிடைக்கும், அதைப் பரலில் போட்டுப் போத்தல்களைப் புதைத்துக் குளிரவைக்கலாம், கிளாசுக்குள் ஒரு துண்டுகூடப் போடக்கூடாது. இதை நான் சொல்லச் சொல்ல ஒரு பொடியன் அதை உடைத்து நெக்டோ சோடாவுக்குள் போட்டுக்கொண்டிருந்தான். கையிலிருந்து பறித்து ஊற்றினேன்.

இனிக் குடிப்பு. தாலிகட்டு நாளில் மண்டபத்தில் ஒன்றும் இல்லை, அதில் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் முல்லைத்தீவுக் கடற்கரையில் மாலை விருந்து என்பது மருமகளின் கனவு: மணலில் மேசை, நுங்கு போட்ட கொக்ரெயில், சுட்ட இறால், ஆட்டிறைச்சி. படமெல்லாம் அனுப்பியிருந்தாள். அந்த நாளைக் கலண்டரில் பார்த்தால் பூரணை. பூரணைக்கு நாடு முழுக்கச் சாராயக்கடையும் இறைச்சிக்கடையும் பூட்டு. முதல் நாளே வாங்கி ஒளித்து வைக்கலாம் என்று சித்தப்பா ஒருவர் லண்டனிலிருந்து யோசனை சொன்னார். ஆட்டை எந்தக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது, கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்டேன், பேச்சை மாற்றிவிட்டார். நுங்கும் இல்லை. அது வைகாசி, ஆனிக்குரியது, ஆவணியில் காய் முற்றிப் பனம்பழமாகி விழத் தொடங்கிவிடும். ஆகக் கடற்கரையில் நாலு மணிக்குத் தேத்தண்ணீர், வடை, ரோல்ஸ், சுடச்சுடப் பனங்காய்ப் பணியாரம் என்று முடித்தோம். சோளகக் காற்று மணலை வாரி வாரி அடித்தது. ஆட்டிறைச்சி அங்கே இருந்திருந்தால் அதிலும் மணல்தான் கடிபட்டிருக்கும். பணியாரம் கையில் வாங்கின உடனே வாய்க்குள் போவதால் தப்பியது.

மச்சமும் குடிப்பும் நாலாம் சடங்குக்குத் தள்ளிப் போனது. அதுதானே முறையும். வீட்டு வளவில், வேண்டியவர்கள் மட்டும். கள்ளு வேண்டும் என்று எல்லாரும் கேட்டார்கள், ஆனால் ஒருவரும் இரண்டு மிடறுக்கு மேல் குடிக்கவில்லை. பனங்கள்ளுக் காலம் முடிகிற நேரம், தென்னங்கள்ளுத்தான் கிடைத்தது. அதே சித்தப்பா ஒரு பெரிய சோடாப் போத்தலில் கழுத்து வரை நிரப்பி மூடியை இறுக்கித் திருகி, விடுதியில் நிற்கிறவர்களுக்குக் காட்டவென்று வானில் வைத்துக்கொண்டு போனார். கள்ளு இறக்கிய பிறகும் புளித்துக்கொண்டேதான் இருக்கும், மூடியில் காற்றுப் போக இடம் விட வேண்டும். வெயிலில் நின்ற வானுக்குள் அது வெடித்தது. வான்காரத் தம்பி இன்றைக்கும் என்னோடு பேசுகிறான், அது பெரிய விஷயம்.

வேட்டை இறைச்சி கேட்டவர்கள் வேறு. வன்னிக்கு வந்து மரை வத்தல் சாப்பிடாமல் போவதா என்று இரண்டு பேர் என்னிடம் இரகசியம் பேசினார்கள். அவர்கள் இங்கே இருந்த காலத்தில் சாப்பிட்டிருக்கலாம், அப்போதும் அது சட்டப்படி பிழைதான். வனவிலங்குகளுக்கான கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டு வந்தது. பிடிபட்டால் அவர்கள் விமானம் ஏறிவிடுவார்கள், நீதிமன்றத்துக்கு நடக்கிறவன் இங்கே ஒரு ஏழை. ஊர்க்கோழி இருக்கு, நந்திக்கடல் இறால் இருக்கு, வேண்டியதைச் சாப்பிடுங்கோ என்று சொல்லிவிட்டேன்.

எக்செல் தாளிலும் இல்லாமல் என் கணக்கிலும் இல்லாமல் போனவர்கள் வான் சாரதிகள். பதினொரு வான். சிலர் கொழும்பிலிருந்து இரவிரவாக ஓட்டி வந்தவர்கள். காலை ஏழு மணிக்கு மண்டப வாசலில் அவர்களைப் பார்த்த பிறகுதான் என் மண்டையில் அடித்தது. அண்ணை ஒன்றும் சொல்லாமல் மேளக்காரருக்கென்று அவித்த இடியப்பத்தையும் சொதியையும் பிரித்து அவர்களுக்கும் கொடுத்துவிட்டு, மேளக்காரருக்குப் புதிதாக அவிக்கச் சொன்னார். கலியாணம் வைக்கிறவர்கள் யாராவது இதை வாசித்தால் அந்த வரியை இப்போதே எழுதிவையுங்கள்: சாரதிகள், படம் எடுக்கிறவர்கள், மேளம், மண்டபம் கூட்டுகிறவர்கள், காலைச் சாப்பாட்டிலிருந்து.

தாலி கட்டி முடிய முதல் பந்தி பதினொன்றரைக்கு. ஆச்சியை முதல் பந்தியில் இருத்த அண்ணாவே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை, நான் அந்த நேரம் அப்பளத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது பந்தியோடு கூட்டம் குறையும் என்று நினைத்தேன். நாலாவதுக்கு ஒரு லான்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டி நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். அண்ணை வாசலுக்கு வந்தார், பார்த்தார், போனார். ஐந்து. ஆறாவது பந்தி அரைவாசிக்கு மேல் நிரம்பியது, அதில் நாங்கள் பரிமாறினவர்களும் இருந்தோம். மணி மூன்றரை.

மருமகள் கூறைச்சேலையோடு சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள். "மாமி, எத்தினை பேர் வந்தது?"

மிச்ச வாழையிலையை எண்ணினேன். 79. கிழிந்ததென்று நான் கழித்துப்போட்டது ஒரு பத்து இருக்கும்.

"அப்ப 511" என்றாள். அவளுக்குக் கணக்குக் கை வந்த கலை. "நீங்கள் 550 எண்டனீங்கள்."

"நீ 214 எண்டாய்."

கடைசி உலையில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. பொழுதுபட அதைப் பெரிய சட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தேன். முந்தாநாள்தான் வந்திறங்கிய பிள்ளைகள் விடிகாலை மூன்று மணிக்கே எழும்பிக் குசினியில் நின்றார்கள், ரொறன்ரோவில் அப்போது மாலை ஐந்தரை, அவர்களுக்கு இரவுச் சாப்பாட்டு நேரம். பழஞ்சோற்றைப் பிசைந்து, வெங்காயமும் பச்சைமிளகாயும் தயிரும் போட்டு, பொரித்த மோர்மிளகாய் ஒன்று வைத்துக் கொடுத்தேன். வீகன் பிள்ளைக்குத் தயிர் இல்லாமல். விறாந்தையில் வரிசையாக இருந்து சாப்பிட்டார்கள். சத்தம் கேட்டு வளவில் படுத்திருந்த சமையல் அண்ணை எழும்பி வந்து, சட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, நாலாம் சடங்குக்கு ஆடு இரண்டா மூன்றா என்று கேட்டார்.